பைன் தோப்பில் தின்னிங்: மரத்தை எண்ணி ஏமாறாதீர்கள்

தின்னிங் என்றால் நெருங்கி வளர்ந்த தோப்பில் சில மரங்களை வெட்டிக் கலைப்பது. வெயில் தரைக்கு இறங்கி, தோப்பு காடாக மாற வேண்டும் என்பதற்காகச் செய்வது. சமீபத்தில் இந்த வேலைக்குப் புதிதாக வந்த ஒருவர் பெயின்ட் டப்பாவோடு பைன் தோப்புக்குள் நடந்துகொண்டிருந்தார். நோஞ்சான் மரமாகத் தேடித் தேடிக் குறி போட்டார். பதினைந்து வருஷத்துக்கு முன் நான் செய்ததும் அதேதான். தலைக்கவசம், மரம் சாயும் திசை பற்றியெல்லாம் எல்லோரும் சொல்வார்கள், அவற்றை விட்டுவிட்டு, வழக்கமாக நடக்கும் தவறுகளைச் சொல்கிறேன்.

எண்ணிக்கையை அளவாக எடுத்துக்கொள்வது

"30 சதவீதம் கலைத்துவிட்டோம்" என்பார்கள். எதில் 30? மரங்களின் எண்ணிக்கையில்! ஒரு கணக்குப் போடுங்கள். 100 மரங்கள். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளந்தால் 70 மரங்களுக்கு 20 செ.மீ. விட்டம், 30 மரங்களுக்கு 10 செ.மீ.தான். விட்டம் பாதியானால் குறுக்குவெட்டுப் பரப்பு கால்வாசியாகிவிடும். அந்த முப்பதையும் வெட்டினாலும் தோப்பின் மொத்த அடிப்பரப்பில், அதாவது எல்லா மரங்களின் குறுக்குவெட்டுப் பரப்பையும் கூட்டினால் வருவதில், 10 சதவீதம்கூடக் குறையாது.

அவை ஏற்கெனவே பெரிய மரங்களின் நிழலில் ஒடுங்கி நின்றவை. அவற்றை எடுத்தால் மேலே ஓட்டை விழுமா?

நான் அப்படி வெட்டிய தோப்புக்கு இரண்டு வருஷம் கழித்துப் போனேன். தரையில் கைவிட்டால் மணிக்கட்டு வரை ஊசிச்சருகு. ஒரு புல் இல்லை, ஒரு கன்று இல்லை. அண்ணாந்து பார்த்தால் கிளைகள் கைகோத்தபடி அப்படியே இருந்தன. மெல்லிய கழிகளை விற்ற காசு வண்டி வாடகைக்கே போதவில்லை. அறிக்கையில் மட்டும் 30 சதவீதம் கம்பீரமாக நின்றது. இன்றும் யாராவது அந்த எண்ணைப் பெருமையாகச் சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

வெட்டுவதற்கு முன்னும் பின்னும் அடிப்பரப்பை அளந்து பாருங்கள். அப்புறம், குறி போடும்போது தரையைப் பார்க்காமல் மேலே பாருங்கள். நிற்க வேண்டிய மரத்தை முதலில் முடிவு செய்து, அதன் தலையோடு உரசும் பெரிய மரத்தை எடுங்கள். அப்போதுதான் வெயில் இறங்கும். புல்லும் புதரும் அகன்ற இலைக் கன்றுகளும் வரும். அவற்றை நம்பிப் பூச்சியும் பறவையும் வரும்.

சரி, ஒரேயடியாக வெட்டிவிடலாமா?

நெருக்கத்தில் வளர்ந்த மரம் ஒல்லியாக நெட்டையாகத்தான் இருக்கும். 18 மீட்டர் உயரம், 18 செ.மீ. விட்டம் என்றால் உயரம் விட்டத்தைப் போல 100 மடங்கு. பக்கத்து மரங்களின் தயவில் நிற்பவை இவை. திடீரென்று தனியாக விட்டால் அடுத்த பெருங்காற்றில் சாய்ந்துவிடும். வேரும் தண்டும் தடிக்கச் சில வருஷங்கள் வேண்டும். போதாததற்கு, கொட்டும் வெயிலில் ஏதாவது ஒரு முரட்டுக் களையே தரை முழுவதையும் பிடித்துக்கொள்வதும் உண்டு. சில வருஷ இடைவெளி விட்டு இரண்டு மூன்று தடவையாகக் கலையுங்கள்.

எங்கும் ஒரே இடைவெளி

சதுரங்கப் பலகை காடாகாது. சில இடங்களில் நன்றாகத் திறந்துவிடுங்கள், சில இடங்களை அடர்த்தியாகவே விடுங்கள். ஒளிந்துகொள்ள இடம் தேடும் உயிர்களும் இருக்கின்றன.

செத்த மரத்தைத் துடைத்தெடுப்பது

வேண்டாம். மரங்கொத்தி பார்த்துக்கொள்ளும். பாதை மேல் விழும் நிலையில் இருந்தால் மட்டும் வெட்டுங்கள்.

அகன்ற இலைக் கன்றுகள் மேல் மரத்தைச் சாய்ப்பது

வெயிலை இறக்கியதே அவற்றுக்காகத்தானே!

வெட்டியதும் திரும்பிப் பார்க்காமல் போவது

வேரழுகல் பூஞ்சை இருக்கும் பகுதி என்றால், அதன் வித்துகள் பச்சை அடிக்கட்டையில் வந்து இறங்கி, வேர் வழியாகப் பக்கத்து மரத்துக்குப் போகும். வெட்டிய கையோடு கட்டையின் மேல் யூரியாக் கரைசல் பூச வேண்டும். காயாத தடித்த கழிகளை வெயில் காலத்தில் குவித்து வைத்தால் பட்டை வண்டு தேடி வரும். நானும் ஒருமுறை குவித்தேன். குவியலை ஒட்டி நின்ற நான்கு நல்ல மரங்கள் அந்தப் பருவத்திலேயே ஊசி சிவந்து நின்றன.