கொலை வழக்கில் சாட்சியாக நிற்க வேண்டி வந்தால்

முதலில் பார்த்தது நீங்கள் என்றால், உயிர் இருக்கிறதா என்று பாருங்கள், 108-க்கும் 100-க்கும் சொல்லுங்கள், வேறு எதையும் தொடாதீர்கள். கத்தியை ஓரமாக எடுத்து வைப்பது, வாசலில் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது, பாவம் என்று உடல்மேல் வேட்டி போர்த்துவது எல்லாமே தடயத்தைக் கெடுத்துவிடும்.

அப்புறம், அக்கம்பக்கத்தில் பேசிப் பேசி நினைவைக் கலக்கிக்கொள்ளாதீர்கள். "சிவப்புச் சட்டைக்காரன் ஓடினான், முகம் தெரியவில்லை" என்றால் அவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஊரார் சொன்ன பெயரையும் சேர்த்தால் குறுக்கு விசாரணையில் நீங்கள் நிஜமாகப் பார்த்ததும் அடிபட்டுப் போகும். போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் கையெழுத்து வேண்டாம், சட்டமே அப்படித்தான் சொல்கிறது. மாஜிஸ்திரேட் முன்னால் கொடுப்பது வேறு, அங்கே சத்தியப் பிரமாணம் உண்டு.

சாட்சியும் தடயமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1952 ஆளவந்தார் வழக்கைப் பாருங்கள். சென்னையில் ஆளவந்தார் என்பவரைக் காணவில்லை என்று ஒரு புகார், மானாமதுரையில் ரயில் பெட்டிக்குள் ட்ரங்கில் தலையில்லாத உடல், ராயபுரம் கடற்கரையில் தலை. மனைவி அடையாளம் காட்டினார், விரல் ரேகை ஆளவந்தாரின் பழைய ராணுவப் பதிவோடு ஒத்துப்போனது. கண்ணும் ரேகையும் ஒன்றையே சொன்ன பிறகு ஆள் வேறு என்று யாரால் வாதாட முடியும்?

மகஜரில், அதாவது கைப்பற்றிய பொருட்களைப் பற்றிப் போலீஸ் எழுதும் பதிவில், சாட்சிக் கையெழுத்து கேட்டால், பொருளைப் பொட்டலம் கட்டி சீல் வைப்பதைப் பார்த்த பிறகே போடுங்கள். ரத்தம் பட்ட ஈரத் துணியை அப்படியே பிளாஸ்டிக் கவரில் திணித்தால் பூஞ்சை பிடித்து டிஎன்ஏ கெட்டுவிடும். உலர்த்திக் காகித உறையில்தான் வைக்க வேண்டும்.