கேன்சருக்கும் ஹார்ட்டுக்கும் ஒரே புரோட்டீன்னு நியூஸ் வந்தா எப்படி படிக்கறது

மொதல்ல ஒண்ணு பாருங்க, அந்த புரோட்டீனை அடக்கறாங்களா இல்ல ஏத்தறாங்களா? தலைப்புல இது இருக்காது, உள்ள போய்தான் தேடணும். ஆக்ஸிஜன் பத்தாத செல்லுன்னு பேச்சு வந்தாலே பெரும்பாலும் ஹிஃப்னு (HIF) ஒரு புரோட்டீன் பேர் வரும், 2019 மெடிசின் நோபல் செமென்ஸா, கேலின், ராட்கிளிஃப் மூணு பேருக்கும் கிடைச்சது இந்த சமாச்சாரத்துக்குத்தான்.

செல்லு ஹிஃப்பை எப்பவும் தயாரிச்சுகிட்டேதான் இருக்கும், ஆக்ஸிஜன் இருந்தா பிஹெச்டின்னு ஒரு என்சைம் அதுமேல மார்க் போடும், மார்க்கை பாத்து விஹெச்எல் புரோட்டீன் புடிச்சு அழிக்க அனுப்பிடும், எல்லாம் சில நிமிஷ வேலை. ஆக்ஸிஜன் இல்லைன்னா மார்க் விழாது, ஹிஃப் தப்பிச்சு நியூக்ளியஸுக்குள்ள போய் புது ரத்தக்குழாய், சிவப்பணு இதுக்கெல்லாம் உண்டான ஜீனை ஆன் பண்ணிடும்.

கேன்சர் கட்டிக்கு நடுவுல ரத்தம் சரியா போகாது, அங்க ஹிஃப்தான் அதை காப்பாத்துது, அதனால அடக்கணும். பெல்சூடிஃபான்னு ஒரு மருந்து அப்படித்தான், ஹிஃப்ல ஒரு வகையான ஹிஃப்-2வை தடுக்கும், அமெரிக்காவுல 2021ல விஹெச்எல் ஜீன் கெட்டு வர்ற பரம்பரை நோய்ல உண்டாகற கட்டிகளுக்கும் 2023ல முத்தின கிட்னி கேன்சருக்கும் அனுமதி கிடைச்சுது. ஆனா இந்த கிட்னி கேன்சர்ல பெரும்பாலும் விஹெச்எல்லே கெட்டுப்போயிருக்கும், ஆக்ஸிஜன் இருந்தாலும் ஹிஃப் சேரும், அதனால இதை வச்சு எல்லா கட்டிக்கும் மருந்து வந்துருச்சுன்னு எழுதறவங்கள நம்பாதீங்க. சிவப்பணு சிக்னலும் சேர்ந்து குறையறதால ரத்தசோகை வேற வரும்.

ஹார்ட்டுல அப்படியே உல்டா. அடைப்பு வந்த தசைக்கு ஹிஃப் கொஞ்ச நேரம் ஏறினா நல்லதுன்னு எலியில பாத்திருக்காங்க, அதே எலியில ரொம்ப நாள் ஏறியே இருந்தா ஹார்ட் வீங்கி கெட்டுப்போகுது. ஹிஃப்பை ஏத்தற மாத்திரை ஏற்கனவே இருக்கு, டாப்ரோடுஸ்டாட், நம்மூர் சைடஸ் கம்பெனியோட டெசிடுஸ்டாட், ஆனா அதெல்லாம் கிட்னி நோயாளிங்க ரத்தசோகைக்கு, ஹார்ட்டுக்கு இல்ல. டாப்ரோடுஸ்டாட் அமெரிக்க லேபிள்ல ரத்தக்கட்டு, ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் வரலாம்னு கட்டம் கட்டியே எச்சரிக்கை போட்டிருக்கு!

அடுத்து டெஸ்ட் எதுலன்னு பாருங்க, தட்டுல வளர்த்த செல்லா, எலியா, மனுஷனா. எலின்னா வாட்ஸப்ல ஃபார்வர்ட் பண்ணாம விடுங்க.

வீட்ல யாராவது இந்த ரத்தசோகை மாத்திரை சாப்பிட்டு, முன்னாடி கேன்சரோ ஹார்ட் அட்டாக்கோ வந்திருந்தா கிட்னி டாக்டர்கிட்ட அதை கண்டிப்பா சொல்லுங்க, நீங்களா மட்டும் மாத்திரையை நிறுத்தாதீங்க.