டைனாகோ ஸ்டீரியோ 70: பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரில் எதை முதலில் மாற்றுவது?

பழைய டைனாகோ ஸ்டீரியோ 70 கைக்கு வந்ததும் பலர் முதலில் வாங்குவது நான்கு புது இஎல்34 அவுட்புட் வால்வுகள். கடைசியாகச் செய்ய வேண்டிய செலவு அது. 1959-இல் அமெரிக்காவில் வந்த செட் இது; சேனலுக்கு 35 வாட். இதில் முதலில் கெட்டுப்போவது பயஸ் சப்ளையில் (அவுட்புட் வால்வின் க்ரிட்டுக்கு நெகட்டிவ் வோல்டேஜ் தந்து கரண்டைக் கட்டுப்படுத்தும் பகுதி) இருக்கும் செலினியம் ரெக்டிஃபயரும் கண்டன்சர்களும்தான். அவற்றை அப்படியே விட்டுவிட்டுப் புது வால்வைச் செருகினால் அதன் ப்ளேட் சிவந்து, போட்ட காசும் போகும். அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர்களைத் தொட வேண்டாம். இந்த செட்டுக்கு இன்னும் மவுசு இருப்பதே அவற்றால்தான்.

ஷாசியை, அதாவது செட்டின் உலோகச் சட்டத்தை, கவிழ்ப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. எச்.டி. லைனில் (வால்வுகளுக்கு உயர் வோல்டேஜ் தரும் லைன்) 430 வோல்ட் அளவுக்கு டி.சி. இருக்கும், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் தேங்கி நிற்கலாம். 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரின் இரு முனையிலும் முதலைக் கிளிப் வைத்து, ஒன்றை ஷாசியிலும் மற்றதைக் கண்டன்சரின் பாசிட்டிவ் முனையிலும் மாட்டி, ஐந்து விநாடி கழித்து மீட்டரில் பாருங்கள். 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் கை வைக்காதீர்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம். கண்டன்சரும் கெடும், கையும் சுடும். நிரந்தரமாகவே இரண்டு 100 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர்களைத் தொடராக இணைத்து எச்.டி.-க்கும் ஷாசிக்கும் நடுவே போட்டுவிட்டால், ஆஃப் செய்த ஒன்றரை நிமிடத்தில் தானாகவே வடிந்துவிடும். அப்போதும் மீட்டரில் பார்த்துவிட்டே தொடவும்.

117 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த அமெரிக்க செட் என்றால் நம் 230 வோல்ட்டுக்கு ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வேண்டும், குறைந்தது 500 விஏ. வெளியீடு 110 வோல்ட்டாக இருக்கட்டும், 120 வேண்டாம். நம் 50 ஹெர்ட்ஸில் செட்டின் பவர் ட்ரான்ஸ்ஃபார்மரின் இரும்பு காந்தம் நிறைந்து சீக்கிரம் சாச்சுரேட் ஆகிக் கூடுதலாகச் சூடேறும்; வோல்டேஜைச் சற்றுக் குறைத்தால் அது கொஞ்சம் அடங்கும். ஹீட்டருக்கு 6.3-க்குப் பதில் 5.9 வோல்ட் கிடைக்கும், அது போதும். இரண்டு கம்பி பவர் கார்டைக் கழற்றிவிட்டு மூன்று கம்பி கார்டு போட்டு, எர்த்தை ஷாசியில் தனி போல்ட்டில் முறுக்குங்கள். மலிவான ஸ்டெப்-டவுன்கள் பல ஆட்டோ ட்ரான்ஸ்ஃபார்மர்கள்தான், செட்டை மெயின்ஸ் லைனிலிருந்து பிரித்துத் தருவதில்லை. எர்த் இல்லாமல் ஓட்டவே கூடாது.

இனி பயஸ். செலினியம் வயதாக ஆக உள்ளே ரெசிஸ்டன்ஸ் கூடி நெகட்டிவ் வோல்டேஜ் குறையும், இஎல்34-இல் கரண்ட் ஏறும். மொத்தமாகச் செத்தால் நாற்றம் வீடு முழுக்கப் பரவும். அந்தப் புகை விஷம். மாற்றாக 1என்4007 டயோடு, சில ரூபாய்தான். கோடு போட்ட முனை ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கம், மறுமுனை கண்டன்சர் பக்கம். பக்கத்திலுள்ள இரண்டு 50 மைக்ரோஃபாரட் கண்டன்சர்களையும் 100 வோல்ட் தாங்குவதாக மாற்றுங்கள். இங்கே பாசிட்டிவ் முனைதான் ஷாசிக்குப் போகும். பழக்கதோஷத்தில் தலைகீழாகப் போட்டு வெடிக்க விடுபவர்கள் அதிகம். சிலிக்கான் டயோடில் இழப்பு குறைவு என்பதால் நெகட்டிவ் வோல்டேஜ் முன்பைவிடக் கூடும். பயஸ் பொட்டை (திருப்பி வோல்டேஜை மாற்றும் ரெசிஸ்டர்) கடைசிவரை திருப்பியும் கரண்ட் ஏறவில்லை என்றால், டயோடுக்குத் தொடராகச் சில கிலோ ஓம் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்து கேன் கண்டன்சர். ஒரே டப்பாவில் 30-20-20-20 மைக்ரோஃபாரட், 525 வோல்ட். இப்போது கிடைக்கும் மாற்றில் 80-40-30-20 என்று இருக்கும். தப்பு நடப்பது இங்கேதான்: பெரிசு நல்லது என்று 80-ஐ ரெக்டிஃபயருக்கு அடுத்ததாகப் போட்டுவிடுவார்கள். எச்.டி.-யைத் தரும் ரெக்டிஃபயர் வால்வான ஜிஇசட்34-க்கு டேட்டாஷீட் தரும் உச்சவரம்பே 60 மைக்ரோஃபாரட். அதைத் தாண்டினால் ஆன் செய்யும் நேரத்தில் வால்வுக்குள் பொறி பறந்து, ப்யூஸோடு வால்வும் போகும். புதுத் தயாரிப்பு ஜிஇசட்34-களை நம்பி 60 வரைகூடப் போக வேண்டாம். சோக்குக்கு (ஹம்மை வடிகட்டும் சுருள்) முன்னால் 30 அல்லது 40. சோக்குக்குப் பின்னால் 80. பேஸ் இறுகுவதும் ஹம் குறைவதும் அந்த இரண்டாவது இடத்தில்தான். 450 வோல்ட் கண்டன்சர் கண்டிப்பாகப் போதாது. 500-க்கு மேல் கிடைக்காவிட்டால் 68 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் இரண்டைத் தொடராகப் போட்டு, ஒவ்வொன்றின் குறுக்கேயும் 220 கிலோ ஓம் வையுங்கள், 34 மைக்ரோஃபாரட் கிடைக்கும்.

ஜிஇசட்34 உள்ளே ஷார்ட் ஆனால் பவர் ட்ரான்ஸ்ஃபார்மரையும் கூட்டிக்கொண்டு போகும். காப்பாக அதன் 4, 6-ஆம் பின்களுக்கு வரும் கம்பிகளில் டயோடு சேர்க்கலாம், கோடு போட்ட முனை வால்வு பக்கம். பின்னுக்கு இரண்டு 1என்4007 தொடராக வேண்டும். வால்வு ஷார்ட் ஆன நிலையில் ரிவர்ஸ் வோல்டேஜ் ஆயிரத்தைத் தொடும் என்பதால் ஒன்று போதாது.

ட்ரைவர் போர்டிலிருந்து இஎல்34-க்கு ஒலியை மட்டும் கடத்தும் நான்கு கப்ளிங் கண்டன்சர்களுக்கும் 0.1 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் பாலிப்ரொப்பிலீன். பழையது கசிந்தால் இஎல்34-இன் க்ரிட்டுக்கு பாசிட்டிவ் வோல்டேஜ் போகும். விலை உயர்ந்த பிராண்ட் போட்டால் சத்தம் தேவலோகமாகிவிடும் என்பதெல்லாம் பேச்சு, கசியாமல் இருந்தால் சரி. பிசி-3 ட்ரைவர் போர்டில் ஃபேஸ் ஸ்ப்ளிட்டரின் (ஒலியை எதிரெதிரான இரண்டாகப் பிரிக்கும் பகுதி) இரண்டு 47 கிலோ ஓம் ரெசிஸ்டர்களையும் மீட்டரில் அளந்து 1 சதவீதத்துக்குள் ஒத்துப்போகும் ஜோடியாகப் போடுங்கள். அந்த பழுப்பு போர்டில் சோல்டரிங் அயர்னை நெடுநேரம் வைத்தால் செம்புத் தடம் உரிந்து வந்துவிடும். முதலில் ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, பிறகு காலை மெல்ல இழுக்கவும். இந்த போர்டின் 7199 வால்வு கிடைக்காதவர்கள் 6ஜிஎச்8ஏ போடுகிறார்கள். பின் வரிசை வேறு என்பதால் அடாப்டர் இல்லாமல் நேராகச் செருகக்கூடாது.

கம்பெனி செட்டில் ஒரு சேனலின் இரண்டு இஎல்34-க்கும் சேர்த்து, கரண்டை அளக்க ஒரே 15.6 ஓம் ரெசிஸ்டர். 1.56 வோல்ட் காட்டினால் இரண்டுக்கும் சேர்த்து 100 மில்லி ஆம்பியர். ஆனால் ஒன்று 70, மற்றது 30 என்று ஓடினாலும் மீட்டர் அதே 1.56-ஐத்தான் காட்டும். அதனால் அந்த ரெசிஸ்டருக்குப் போகும் இணைப்பை வெட்டி, ஒவ்வொரு சாக்கெட்டிலும் சேர்ந்திருக்கும் 1, 8-ஆம் பின்களிலிருந்து ஷாசிக்குத் தனித்தனியாக 10 ஓம், 1 சதவீத, 1 வாட் ரெசிஸ்டர் போடுங்கள். 0.40 வோல்ட் என்றால் 40 மில்லி ஆம்பியர். அதிகம் போனால் 45. பழைய 50 வேண்டாம், வால்வும் ட்ரான்ஸ்ஃபார்மரும் வீணாகச் சூடேறும்.

முதல் முறை ஆன் செய்யும்போது எல்லா வால்வையும் கழற்றிவிட்டு, 100 வாட் குண்டு பல்ப் மாட்டிய சீரிஸ் போர்டு வழியாகக் கொடுங்கள். பல்ப் பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட். எரியாவிட்டால் சீரிஸ் போர்டை எடுத்துவிட்டு, நான்கு இஎல்34 சாக்கெட்டிலும் 5-ஆம் பின்னை (க்ரிட்) அளந்து, பொட்டைத் திருப்பி உச்ச நெகட்டிவில் நிறுத்துங்கள். ஒரு சாக்கெட்டில் வோல்டேஜே வராவிட்டால் வால்வைச் செருகாதீர்கள். ஜிஇசட்34-ஐ மட்டும் தனியாகச் செருகியும் பார்க்கக்கூடாது; லோடு இல்லாமல் எச்.டி. 500 வோல்ட்டைத் தொடும்.

இப்போது எல்லா வால்வும் உள்ளே, இரண்டு சேனலிலும் ஸ்பீக்கர் அல்லது 8 ஓம், 50 வாட் ரெசிஸ்டர், இன்புட் ஷார்ட். பத்து நிமிடம் சூடேறிய பின் பயஸை வையுங்கள், ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். ஒரே சேனலின் இரண்டு வால்வுக்கும் 5 மில்லி ஆம்பியருக்கு மேல் வித்தியாசம் வந்தால் வால்வை மாற்றிப் போட்டு ஜோடி சேருங்கள். இல்லையேல் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரில் டி.சி. காந்தம் ஏறி பேஸ் தளர்ந்துவிடும். ஆன் செய்ததுமே ஸ்பீக்கர் ஊளையிட்டால் ஃபீட்பேக் கம்பியோ அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரின் ப்ளேட் கம்பிகளோ இடம் மாறியிருக்கும். ஹம் கேட்டால் அதன் சுருதியைக் கவனியுங்கள்: 100 ஹெர்ட்ஸ் என்றால் கேன் கண்டன்சர் பக்கம் பாருங்கள், அதைவிடத் தாழ்ந்த 50 என்றால் ஹீட்டர் கம்பியையும் எர்த் லூப்பையும்.