பழைய டீசல் பிக்கப்பில் ஸ்லோ நிற்கவில்லையா? திருகைத் தொடும் முன் காற்றைத் தேடுங்கள்

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், வண்டி ஓடுவதைவிட ஸ்லோவில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் மட்டும் மெதுவாக ஓட, நிற்கும் நேரம்தான் அதிகம். அந்த இடத்தில் இன்ஜின் ஏறி, இறங்கி, கடைசியில் அணைந்தே போனால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. என் பழைய பிக்கப்பில் இருந்த இந்தத் தொல்லையை நானே சரிசெய்தேன். அந்த முறை இதோ.

இது மெக்கானிக்கல் டீசல் பம்ப் உள்ள வண்டிக்கு மட்டும். பானெட்டைத் திறந்து பாருங்கள். பம்பிலிருந்து, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நான்கு நாசிலுக்கும் தனித்தனியாக மெல்லிய இரும்புக் குழாய் போனால் உங்களுக்கானது. நடுவில் தடித்த ஒரே குழாய் படுத்திருந்து, அதிலிருந்து கிளை பிரிந்தால் அது காமன் ரயில். அதை இந்த முறையில் தொடவே கூடாது. காரணம் கீழே.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, இன்ஜினைச் சூடாக்குங்கள். கோளாறு எந்த வகை என்று காதால் பிரியுங்கள். சத்தம் சீராக இருந்து வண்டி மட்டும் நடுங்கினால் இன்ஜின் மவுண்ட் ரப்பரைப் பாருங்கள். ஒரே தாளத்தில் டக் டக்கென்று விட்டுவிட்டு அடித்தால் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. அலைபோல் ஏறி இறங்கினால் பெரும்பாலும் டீசல் குழாயில் காற்று.

ஆக்சிலரேட்டர் கேபிள் இறுகியிருக்கிறதா, பம்ப் லீவர் முழுதாகத் திரும்பி வருகிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. அப்புறம் டீசல் ஃபில்டரின் அடித் திருகைத் தளர்த்தி, வடிவதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். கொஞ்சம் நிற்க விட்டால் தண்ணீர் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். வியாசர்பாடி சுரங்கப்பாதைப் பக்கம் மழைக்காலத்தில் வண்டி ஓட்டுகிறவர்கள் இதைத் தாண்டிப் போக வேண்டாம். ஃபில்டர் மாற்றி நாளாகியிருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

இனிமேல்தான் முக்கியமான வேலை.

“எங்கயும் டீசல் ஒழுகலையே அண்ணே, அப்புறம் எப்படி லீக்?” என்று பட்டறையில் எல்லோரும் கேட்பார்கள். டேங்கிலிருந்து பம்ப் வரை டீசல் உறிஞ்சப்பட்டுத்தான் வருகிறது. அந்தப் பகுதியில் ஓட்டை இருந்தால் இன்ஜின் ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். குழாய் வெளியே காய்ந்து சுத்தமாகவே தெரியும். காற்று கலந்த டீசல் வந்ததும் வேகம் விழும். வேகத்தைச் சீராக வைக்கப் பம்புக்குள் இருக்கும் கவர்னர் டீசலைக் கூட்டும், வேகம் ஏறும், உடனே குறைக்கும். அந்த அலை இதுதான்.

கண்ணால் பார்க்க ஒரே வழி, பம்புக்குள் டீசல் நுழையும் இடத்தில் ஒரு சாண் நீளத்துக்கு டீசல் தாங்கும் கண்ணாடி டியூபை (உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் டியூப்) மாட்டுவது. இரண்டு முனையிலும் கிளிப் போட்டு, ஹேண்ட் பிரைமரை (கையால் அடித்து டீசலை ஏற்றும் குட்டி பம்ப்) அடித்துக் காற்றை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் கொஞ்சம் குமிழ் வரும், பயப்பட வேண்டாம். சில நிமிடம் கழித்தும் குமிழ் ஓடிக்கொண்டே இருந்தால் காற்று எடுக்கிறது என்று அர்த்தம்.

எங்கே எடுக்கிறது? டேங்கிலிருந்து வரும் குழாயை ஃபில்டருக்கு முன்னால் கழற்றுங்கள். சில வண்டிகளில் டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப் ஃபில்டருக்கும் முன்னால் இருக்கும். அப்படியானால் அதற்கு முன்னால். அந்த வாயில் வேறொரு டியூபை மாட்டி, மறுமுனையைச் சுத்தமான டீசல் உள்ள கேனில் முக்குங்கள். இப்போது ஸ்லோ சீராகிவிட்டால் கோளாறு டேங்க் பக்கம். சீராகாவிட்டால் ஃபில்டர் தலை, அதன் வாஷர், குழாயைப் பிடிக்கும் துளை வைத்த பேன்ஜோ போல்ட் என்று மிச்சமிருப்பது கொஞ்சம்தான்.

காசிமேட்டில் மீன் லோடு அடிக்கும் வண்டி என்றால் நேராக டேங்க் பக்கம் போய்விடுங்கள். பெட்டியிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் சேஸிஸ் ஓரமாக இறங்கி, குழாயைப் பிடித்திருக்கும் கிளாம்புக்கு அடியில் தங்கும். என் வண்டியிலும் அங்கேதான் இருந்தது. மேலே பெயின்ட் அப்படியே இருக்க, கிளாம்பைக் கழற்றியதும் அடியில் துரு செதில் செதிலாக வந்தது. நடுவில் ஊசி முனை அளவு ஓட்டை.

கம்பி கிளிப் எனக்குப் பிடிக்காது. ஸ்க்ரூ வைத்த பட்டை கிளிப்தான் சுற்றிலும் சமமாகப் பிடிக்கும். பேன்ஜோ போல்ட்டுக்கு டெஃப்லான் டேப் சுற்றுகிறவர்களைப் பார்த்தால் கோபமே வரும். அந்தப் பிசிறு பம்புக்குள் போனால் செலவு எங்கேயோ போய்விடும். புதுச் செம்பு வாஷர் போடுங்கள், போதும்.

குமிழே இல்லை, ஆனாலும் டக் டக் என்று அடிக்கிறது என்றால் நாசிலைச் சோதிக்க வேண்டும். கண்ணாடி அணிந்து, இரும்புக் குழாயின் நாசில் பக்க நட்டைச் சுற்றித் துணி வைத்து, ஸ்பேனரால் அரைச் சுற்று தளர்த்துங்கள். வேகம் விழுந்தால் அந்தச் சிலிண்டர் நன்றாக இருக்கிறது. எந்த மாற்றமும் இல்லாவிட்டால் அதுதான் குற்றவாளி. ஒவ்வொன்றாக, ஒன்றை இறுக்கிய பிறகு அடுத்தது. பிறகு அந்த நாசிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் பாருங்கள். கோளாறும் கூடவே போனால் நாசில், அங்கேயே நின்றால் கம்ப்ரஷன் அல்லது வால்வு. பீய்ச்சும் டீசலுக்கு நேரே கையை நீட்டாதீர்கள். அது தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் பம்பில் உள்ள ஸ்லோ ஸ்க்ரூ. பழைய இடத்தைப் பெயின்ட்டால் குறித்துவிட்டு, கால் சுற்றுக்கு மேல் போகாமல் திருப்பிப் பாருங்கள். எத்தனை ஆர்பிஎம் என்பதை வண்டியின் கையேட்டில் பாருங்கள். ஈயம் வைத்துக் கம்பி கட்டிய திருகு அதிகபட்ச வேகத்துக்கானது, அதில் கை வைக்காதீர்கள்.

பின்னால் சேர்த்தது: காமன் ரயில் வண்டியில் நட்டைத் தளர்த்திப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தார்கள். கூடவே கூடாது. அந்த ரயிலில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். அதற்கு ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறைதான்.

இன்னொன்று: பகலில் ஸ்லோ நன்றாக நிற்கிறது, காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆக நேரமெடுக்கிறது, பிரைமர் அடித்தால் உடனே எடுக்கிறது என்றார் ஒருவர். அதுவும் காற்றுதான். இரவில் ஓட்டை வழியே காற்று நுழைந்து, டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கிவிடுகிறது. கண்ணாடி டியூபை மாட்டியபடி இரவு நிறுத்திவிட்டு, காலையில் சாவி போடும் முன் பாருங்கள். டியூப் காலியாக இருந்தால் மேலே சொன்ன கேன் சோதனையிலிருந்து தொடங்குங்கள்.