தட்டை எடுத்து வைக்கப் பழக்குங்கள்

"சாப்பிட்ட தட்டை நீயே எடுத்து வை" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லி வளர்ந்தவர்களுக்கு, சிங்கப்பூர் உணவங்காடி நிலையங்களில் 2021 செப்டம்பரில் நடப்புக்கு வந்த, சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைக்கும் விதி புதிதே இல்லை. தேக்கா உணவங்காடியில் பிள்ளையோடு சாப்பிட்டு எழும்போது எல்லாவற்றையும் நீங்களே தூக்கிவிடாதீர்கள். சின்னக் குழந்தைக்குக் கரண்டியும் கசக்கிய டிஷ்யூவும் போதும். சூடான குழம்புக் கிண்ணம் வேண்டாம். தொடக்கப்பள்ளிப் பிள்ளை தட்டையே தூக்கும். ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு இருப்பதைக் காட்டி, ஏன் என்றும் சொல்லுங்கள். அடுத்தவர் உணவு நெறியை மதிக்கும் குணம் அங்கேதான் துளிர்க்கிறது. எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது. மேசை துடைக்கும் ஆன்ட்டிக்கு நன்றி சொல்ல வையுங்கள். தாத்தா, பாட்டி உடன் வந்தால், தட்டை எடுத்து வைக்கச் சொல்லும் பொறுப்பை அவர்களிடமே விடுங்கள். நாம் சொன்னால் முனகும் பிள்ளை, தாத்தா சொன்னால் உடனே எழுந்துவிடும்.