தெளித்த கையோடு துடைக்காதீர்கள்

கதவுக் கைப்பிடி, குழாய்த் திருகு, ஸ்விட்ச், செல்போன் திரை. பார்க்கப் பளபளவென்றுதான் இருக்கும். ஆனால் ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் உலர்ந்த பரப்பில்கூட வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும்.

பலரும் கிருமிநாசினியைத் தெளித்த மறுநொடியே துணியால் துடைத்துவிடுகிறார்கள். அதில் பாதி பலன் போய்விடும். மருந்துக்கு வேலை செய்ய நேரம் வேண்டும். பரப்பு அதுவரை ஈரமாகவே இருக்க வேண்டும். எத்தனை நிமிடம் என்பது லேபிளிலேயே இருக்கும், தயவுசெய்து படியுங்கள்.

அதற்கும் முன்னால் சோப்புத் தண்ணீரால் பிசுக்கைக் கழுவிவிடுங்கள். அழுக்குப் படிந்த இடத்தில் பிளீச்சின் வீரியம் குறையும். 5–6% திரவ பிளீச் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 4 டீஸ்பூன் போதும். அன்றன்றைக்குக் கலந்துகொள்ளுங்கள், மறுநாள் வீரியம் இருக்காது. வினிகரோடும் அமோனியா கலந்த கிளீனரோடும் அதைச் சேர்க்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும். ஜன்னலையும் திறந்து வையுங்கள்.

செல்போனுக்கு 70% ஆல்கஹால் துடைப்பான் நல்லது. சுத்த ஆல்கஹாலைவிட இதுவே மேல், புரதத்தைச் சிதைக்கத் தண்ணீரும் தேவை.

பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை ஈரத்தோடு தொட்டியில் போடாமல், பிழிந்து காயவையுங்கள்.