ஐந்து கைத்தறிச் சேலை, ஐந்து ரவிக்கை: தொடங்குவோருக்கான செய்முறை விளக்கம்

கைத்தறிச் சேலையை அன்றாடம் உடுத்த விரும்புகிறவர்கள் பெரும்பாலும் நேராகச் சேலைக் கடைக்குப் போகிறார்கள். முதலில் போக வேண்டிய இடம் தையற்கடை என்பது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் எட்டுச் சேலைகள் வாங்கினேன். ஒவ்வொன்றோடும் சேர்ந்து நெய்து வந்த துணியை வெட்டி, அந்தந்தச் சேலைக்கென்றே ரவிக்கை தைத்துக்கொண்டேன். இரண்டு ஆண்டுகளில் உடம்பு சற்றுப் பூசினாற்போல் ஆனதும் எட்டு ரவிக்கைகளும் ஒருசேர இறுகின. பிரித்துத் தைக்கலாமென்றால் உள்ளே துணியே விட்டிருக்கவில்லை. ரவிக்கை போனதும் சேலையும் முடங்கியது. கரை நைந்திராத, சாயம் மங்கியிராத எட்டுச் சேலைகள் அலமாரியில் அடுக்கியபடியே இருந்தன. அதன் பிறகு நான் மாற்றிக்கொண்ட முறையைத்தான், இப்போதுதான் தொடங்குகிறவர்களுக்கு ஏற்றபடி, படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: இரண்டு வாரக் கணக்கு

எதையும் வாங்குவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு தாளில் குறித்து வாருங்கள்: எங்கே போனீர்கள், எப்படிப் போனீர்கள், என்ன உடுத்தினீர்கள், அதில் எது தொந்தரவு கொடுத்தது. பேருந்தில் நின்றுகொண்டு போகிறவருக்கும், இரு சக்கர வண்டி ஓட்டுகிறவருக்கும், நாள் முழுவதும் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரே சேலை பொருந்தாது. பத்து வேலை நாளும் இரண்டு விசேஷ நாளும் உள்ள வாழ்க்கைக்கு ஐந்து பட்டுச் சேலை வாங்கி வைப்பதைப் போன்ற வீண் செலவு வேறில்லை. ஆனாலும் நம் வீடுகளில் பெரும்பாலும் அதுதான் நடக்கிறது.

இரண்டாம் படி: நிறங்களைச் சேலைக்கு முன்பே முடிவு செய்தல்

நம் நெசவில் ஒரு வசதி இருக்கிறது. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம், முந்தானை சில வேளை மூன்றாவது நிறம் என்று எதிர் நிறங்களைச் சேர்ப்பது இங்கே பழைய வழக்கம். உடலையும் கரையையும் தனித்தனி நூலில் நெய்து கோக்கும் காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில், ஊடுநூலைக் கொண்டு ஓடும் தறி நாடாக்கள் உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று என மூன்று இருப்பது, உடலும் கரையும் கலக்காமல் தத்தம் நிறத்தில் நிற்பதற்காகத்தான். ஆகவே ஒரே சேலை இரண்டு மூன்று நிற ரவிக்கைகளை இயல்பாகவே ஏற்றுக்கொள்ளும். நாம் செய்ய வேண்டியதெல்லாம், வாங்கும் ஐந்து சேலைகளிலும் சில நிறங்கள் திரும்பத் திரும்ப வருமாறு பார்த்துக்கொள்வதுதான்.

தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் ஐந்து நிறங்கள்: கறுப்பு, அரக்கு, கடுகு மஞ்சள், சந்தனம், பாட்டில் பச்சை. இவை எல்லோருக்கும் பிடித்தாக வேண்டும் என்றில்லை. உங்களுக்குப் பிடித்த வேறு ஐந்தை வைத்துக்கொண்டாலும் கணக்கு மாறாது. ஆனால் அவற்றில் இரண்டு அடர்ந்த நிறமாகவும், ஒன்றாவது வெளிர் நிறமாகவும் இருக்கட்டும்.

மூன்றாம் படி: ஐந்து சேலைகள்

முதலாவது, செங்கல் சிவப்பில் கடுகு மஞ்சள் கரையும் இடையிடையே கறுப்புக் கோடும் உள்ள ஒரு கண்டாங்கி. காரைக்குடிப் பகுதியில் நெய்யப்படும் இந்தச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நூல் தடிமனானது, கரை அகலமானது, கட்டம் அழுத்தமானது. முன்பு இதைப் பின்கொசுவம் வைத்து, கணுக்கால் தெரிய உயர்த்திக் கட்டினார்கள். அகலமான கரை அந்தக் கட்டில்தான் முழுதாக எடுபடும். இப்போது நாம் முன்கொசுவம் வைத்துக் கட்டினாலும் சேலையின் முரட்டுத்தனம் போய்விடுவதில்லை. புதிதாகக் கட்டும்போது விறைத்துக்கொண்டு நிற்கும். ஆறேழு முறை துவைத்த பின்புதான் உடம்போடு படியும். அதற்குள் சலித்துப்போய் யாருக்காவது கொடுத்துவிடாதீர்கள்.

இரண்டாவது, கருநீலத்தில் வெள்ளைப் புள்ளியும் அரக்குக் கரையும் உள்ள ஒரு சுங்குடி. மதுரையின் சௌராஷ்டிர சமூகத்தார் வளர்த்த கலை இது. துணியைச் சிறு சிறு முடிச்சுகளாகக் கட்டிச் சாயத்தில் முக்கும்போது, முடிச்சுக்குள் சாயம் ஏறாத இடம் புள்ளியாகிறது. சுங்குடி என்ற பெயரில் இன்று கடையில் கிடைப்பவற்றில் அச்சுப் புள்ளிகள் நிறைய உண்டு. முடிச்சுப் புள்ளிகள் ஒன்றைப் போல் ஒன்று இராது, துணியும் அங்கங்கே லேசாகச் சுருங்கி எழுந்திருக்கும்; அச்சுப் புள்ளி தட்டையாக, வரிசை பிசகாமல் இருக்கும். அச்சு ஆகாது என்று சொல்லவில்லை. எது எதுவென்று தெரிந்து வாங்கினால் போதும். கோடைக்கு இதைவிட இதமான சேலை என் அலமாரியில் இல்லை.

மூன்றாவது, சந்தன நிறத்தில் பச்சைக் கரையிட்ட ஒரு கோவை கோரா. பட்டும் பருத்தியும் கலந்து நெய்யப்படுவதால் காலையில் அலுவலகத்துக்கும் மாலையில் நிச்சயதார்த்தத்துக்கும் ஒரே சேலையில் போய்விடலாம். நான்காவது, சாம்பல் நிறத்தில் மெல்லிய கறுப்புக் கரை உள்ள ஒரு சாதாரணப் பருத்திச் சேலை. கடையில் பார்த்தால் களையற்றுத் தோன்றும், ஆனால் அதிகம் உடுத்துவது இதுவாகத்தான் இருக்கும். ஐந்தாவது, பாட்டில் பச்சை உடலும் அரக்குக் கரையுமாக ஒரு பட்டு. பட்டு வாங்கும்போது 2004 முதல் நடைமுறையில் உள்ள சில்க் மார்க் முத்திரையையும், மற்றவற்றில் 2006இல் வந்த கைத்தறி முத்திரையையும் கேட்டுப் பாருங்கள். கைத்தறிச் சேலையின் ஓரத்தில், நெய்யும்போது துணியை விரித்துப் பிடிக்கும் ஊசிகள் பதிந்த சிறு துளைகள் வரிசையாகத் தெரிவதும் உண்டு.

நான்காம் படி: ரவிக்கைகள்

இங்கேதான் பொறுமை வேண்டும். சேலையோடு வரும் ரவிக்கைத் துணியை உடனே வெட்டக் கொடுக்காதீர்கள்; பட்டைத் தவிர மற்றவற்றில் அதை அப்படியே விட்டுவைத்தால் சேலைக்குக் கொசுவம் தாராளமாக வரும். அதற்குப் பதிலாக, மேலே சொன்ன ஐந்து நிறங்களிலும் கரையோ சரிகையோ இல்லாத வெறும் துணியாக ஐந்து ரவிக்கைகள் தைத்துக்கொள்ளுங்கள். கறுப்பும் சந்தனமும் டூ பை டூ பருத்தித் துணியில் இருக்கலாம். அரக்கும் பச்சையும் லேசான மினுமினுப்புள்ள பட்டுப் பருத்தியில் இருந்தால் விசேஷங்களுக்கும் உதவும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். கண்டாங்கிக்குக் கறுப்பு, கடுகு மஞ்சள், பச்சை என மூன்று பொருந்தும். சுங்குடிக்கு அரக்கு, சந்தனம், கடுகு மஞ்சள். கோராவுக்குப் பச்சை, அரக்கு, கறுப்பு. சாம்பல் சேலைக்குக் கறுப்பு, கடுகு மஞ்சள், அரக்கு. பட்டுக்கு அரக்கும் கடுகு மஞ்சளும். ஆக மொத்தம் 14 விதம். பட்டை ஒதுக்கினாலும் வேலை நாளுக்கு 12 விதம், அதாவது இரண்டு வாரத்துக்கும் மேல் ஒரு சேர்க்கை திரும்ப வராது. சேலைக்கு ஒரு ரவிக்கை என்று தைத்திருந்தால் இந்தக் கணக்கு ஐந்தோடு நின்றுபோகும்.

தைக்கக் கொடுப்பதற்கு முன், ரவிக்கைத் துணியையும் லைனிங் துணியையும் தனித்தனியாக ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டுக் கொடுங்கள். லைனிங் சுருங்கி மேல்துணி சுருங்காமல் போனால், முதல் துவைப்பிலேயே அக்குளில் இழுத்துக்கொண்டு முதுகில் சுருக்கம் விழும். அதைப் பின்னால் எந்தத் தையற்காரராலும் சரிசெய்ய முடியாது. முழங்கைக்குச் சற்று மேலே நிற்கும் கைக்கு ஒரு மீட்டர் துணி எடுத்துக்கொண்டால் தட்டுப்பாடு இராது.

தையற்கடையில் தயங்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பக்கத் தையலில் இரு புறமும் உள்ளே ஓர் அங்குலம் துணி விட்டு, அதில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று தையல் ஓட்டச் சொல்லுங்கள். உடம்பு பெருத்தால் ஒரு தையலைப் பிரித்துக்கொள்ளலாம், இளைத்தால் மீண்டும் ஓட்டிக்கொள்ளலாம். ஐந்து ரவிக்கையையும் ஒரே நாளில் கொடுக்காமல், முதலில் கறுப்பை மட்டும் தைத்து வாங்கி, கையைத் தூக்கியும் குனிந்தும் உட்கார்ந்தும் ஒரு முழு நாள் போட்டுப் பாருங்கள். கழுத்து இறங்குகிறதா, தோள் நழுவுகிறதா என்பதெல்லாம் கடைக் கண்ணாடியின் முன் இரண்டு நிமிடம் நின்று பார்த்தால் தெரியாது. பிழைகளைத் திருத்திய பிறகு அந்த ரவிக்கையையே அளவாகக் கொடுத்து மற்ற நான்கையும் தைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: உள்பாவாடையும் ஃபால்ஸும்

கறுப்பு, அரக்கு, சந்தனம் என மூன்று பருத்தி உள்பாவாடைகள் போதும். சந்தன நிறக் கோராவுக்கு அடர்ந்த நிறப் பாவாடை கட்டினால் வெயிலில் தெரியும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். சேலையின் கீழ்க்கரைக்கு உள்புறம் வைத்துத் தைக்கும் ஃபால்ஸ் துணியையும் நனைத்து உலர்த்திய பின்பே தைக்கக் கொடுங்கள். இல்லாவிட்டால் கரை முழுவதும் அலை அலையாகச் சுருண்டுகொள்ளும்.

ஆறாம் படி: கட்டுதல்

காலணியைப் போட்டுக்கொண்டு கட்டத் தொடங்குங்கள். உயரம் அப்போதுதான் சரியாக வரும். பாவாடை நாடாவை இறுக்கமாக, தொப்புளுக்குச் சற்றுக் கீழே முடியுங்கள். முதல் சுற்றைச் செருகியதும் முந்தானையைத் தோளில் போட்டு, அதன் நீளத்தை முடிவு செய்து ஊக்குக் குத்திவிட்டு, மீதமுள்ள துணியில் கடைசியாகக் கொசுவம் வையுங்கள். புதிதாகக் கட்டுகிறவர்கள் கொசுவத்தை முதலில் வைத்துவிட்டு, முந்தானை குட்டையாகிப் போனதும் எல்லாவற்றையும் அவிழ்க்கிறார்கள்.

கண்டாங்கிக்குக் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே கையை விரித்த அகலத்தில் ஐந்து கொசுவம் போதும். ஏழு வைத்தால் வயிற்றின் முன்னால் உப்பி நிற்கும். சுங்குடிக்கும் கோராவுக்கும் ஏழு வரை வைக்கலாம். வேலைக்குப் போகும்போது முந்தானையை மடித்து ஊக்குக் குத்துவதும், விசேஷத்துக்கு அதே சேலையில் முந்தானையை விரித்துவிடுவதும் பார்ப்பவர் கண்ணுக்கு வேறு சேலைபோல் தோன்றச் செய்யும். கண்டாங்கிக்கு மட்டும் முந்தானையை மடிக்காமல் விடவே எனக்குப் பிடிக்கும். அந்தக் கட்டங்களை ஆறு மடிப்புக்குள் ஒளித்து வைப்பது நெய்தவருக்குச் செய்யும் அநியாயம்.

ஏழாம் படி: பராமரிப்பு

புதிய பருத்திச் சேலையின் ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியால் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் முதல் சில துவைப்புகளைத் தனியாக, குளிர்ந்த நீரில், ஊறவைக்காமல் முடித்துவிடுங்கள். நிழலில் உலர்த்துங்கள். ஜவ்வரிசிக் கஞ்சியோ வடித்த கஞ்சியோ நீர்க்கப் போட்டால் போதும். கஞ்சி போட்ட சேலையை மாதக்கணக்கில் அலமாரியில் வைத்தால் பூச்சி அரிக்கும், ஆகையால் உடுத்தப் போகும் வாரத்தில் மட்டும் போடுங்கள். பட்டை உடுத்திக் களைந்ததும் ஒரு மணி நேரமாவது காற்றாட விட்டு, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றாவிட்டால் சரிகை மடிப்பிலேயே முறியும்.

ஆறாவது சேலை வாங்கும் முன்

ரவிக்கை தைத்த பின் மிஞ்சும் வெட்டுத் துணியைத் தையற்காரரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிறத்திலும் இரண்டு விரல் அகலத் துண்டு எடுத்து, ஐந்தையும் ஓர் ஊக்கில் கோத்துக் கைப்பைக்குள் போட்டு வையுங்கள். சேலை ஒன்று பிடித்துவிட்டால், அதைக் கடை வாசலின் பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, அந்தத் துண்டுகளைக் கரைமேலும் உடல்மேலும் வைத்துப் பாருங்கள்; மஞ்சள் விளக்கின் கீழ் கருநீலம் கறுப்பாகவும், பாட்டில் பச்சை வேறு பச்சையாகவும் காட்டும். ஐந்து துண்டுகளில் குறைந்தது மூன்று அதன்மேல் ஒத்துப்போக வேண்டும். இரண்டுதான் ஒத்துப்போகிறது என்றால் விற்பனையாளர் இன்னும் பத்துச் சேலையை விரித்துப் போடுவார்; சங்கடப்படாமல் ஊக்கை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.